சிகாகோ ஏரிக்கரைத் திடல்: 180 அடி வேலியும் ஒரு வரைபடக் குறிப்பும்

பந்தும் பட்டணமும் – 6

சென்ற இதழில் சின்சினாட்டியின் ‘ரெட் ஸ்டாக்கிங்ஸ்’ அணியைப் பார்த்தோம். ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்த முதல் பேஸ்பால் அணி அது. 1869-ல் நாடு முழுக்கச் சுற்றி ஆடி, ஒரு தோல்விகூட இல்லாமல் ஊர் திரும்பியது. அந்தப் புகழைக் கண்டு அதிகம் புழுங்கியவர்கள் சிகாகோ வணிகர்கள். பன்றி இறைச்சி வியாபாரத்தில் சின்சினாட்டியை அவர்கள் முன்பே முந்தியிருந்தார்கள். தானியச் சந்தையிலும் மர வியாபாரத்திலும் ரயில் பாதைகளிலும் சிகாகோவுக்கு ஈடு சொல்ல நடுமேற்கில் வேறு ஊர் கிடையாது. பந்தாட்டத்தில் மட்டும் சின்சினாட்டிக்குப் பின்னால் நிற்பதா?

பணம் திரட்டினார்கள். கிழக்குக் கடற்கரை நகரங்களில் பேர் எடுத்த ஆட்டக்காரர்களைச் சம்பளம் பேசி அழைத்து வந்தார்கள். 1870-ல் ‘ஒயிட் ஸ்டாக்கிங்ஸ்’ அணி களமிறங்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள் ரெட் ஸ்டாக்கிங்ஸை இரண்டு முறை தோற்கடித்துப் பழி தீர்த்துக்கொண்டது. மறு ஆண்டு, தொழில்முறை ஆட்டக்காரர்களின் முதல் லீகான ‘நேஷனல் அசோசியேஷன்’ பிறந்தபோது சிகாகோவும் அதில் சேர்ந்தது. இன்று ‘சிகாகோ கப்ஸ்’ என்ற பெயரில் ஆடும் அணியின் மூதாதை இதுதான். இன்றைய ‘ஒயிட் சாக்ஸ்’ அதே நகரத்தில் பிற்பாடு வந்து, கைவிடப்பட்ட பழைய பெயரைச் சுருக்கி எடுத்துக்கொண்ட வேறோர் அணி.

லீகில் சேர்ந்தாகிவிட்டது. வெளியூர் அணிகளை அழைத்து, டிக்கெட் போட்டு, ஆயிரக்கணக்கான பேரை உட்காரவைக்க வேலி அடைத்த ஒரு திடல் வேண்டும். அதுவும் கடைவீதியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் வேண்டும். நகரசபை ஓர் இடத்தைக் காட்டியது: மிச்சிகன் ஏரியின் கரையில், ‘லேக் பார்க்’ என்ற நீண்ட பொது நிலத்தின் வடகோடி. அந்தத் துண்டு நிலத்தின் பூர்வ கதை தெரியாமல் அங்கே நடந்த ஆட்டத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

ஏரிக்கும் தெருவுக்கும் நடுவில்

1836-ல் சிகாகோ சில ஆயிரம் பேர் வாழ்ந்த சேற்று ஊர். ஏரியையும் இல்லினாய்ஸ் ஆற்றையும் இணைக்கும் கால்வாய் வெட்டப் பணம் தேவைப்பட்டது. கால்வாய் ஆணையர்கள் நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்றார்கள். விற்பனைக்காக வரைந்த வரைபடத்தில் ஏரிக்கரையை ஒட்டிய ஒரு பட்டை நிலத்தை மட்டும் ஒதுக்கி, அது பொது நிலம், கட்டடமோ வேறு தடையோ இல்லாமல் என்றென்றும் திறந்தே இருக்க வேண்டும் என்று குறித்துவைத்தார்கள். மூன்று ஆண்டுக்குப் பிறகு, 1839-ல், அதற்கு வடக்கே இருந்த டியர்போர்ன் கோட்டையின் ராணுவ நிலத்தைக் கூட்டாட்சி அரசு மனை போட்டு விற்றது. அந்த வரைபடத்திலும் ஏரிப்பக்க நிலத்துக்கு அதே மாதிரி ஒரு குறிப்பு: பொது நிலம், எக்காலமும் கட்டடமின்றி இருக்க வேண்டும்.

மனை விற்கும் சாமர்த்தியமும் அந்தக் குறிப்பில் இருந்தது. மிச்சிகன் அவென்யூவில் மனை வாங்கியவர், வாசலைத் திறந்தால் ஏரி தெரியும், அதை எவரும் மறைக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் கூடுதல் விலை கொடுக்கத் தயாராக இருந்தார். விற்றவர் கொடுத்த வாக்கு, வாங்கியவரின் உரிமையானது. அந்த உரிமைக்கு எவ்வளவு பலம் என்பது பல ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது.

ஏரி சும்மா இருக்கவில்லை. புயல் காலத்தில் அலைகள் கரையைக் கரைத்து மிச்சிகன் அவென்யூவை நெருங்கின. அலைத்தடுப்புச் சுவர் கட்ட நகரசபையிடம் பணம் இல்லை. 1852-ல் இல்லினாய்ஸ் சென்ட்ரல் ரயில்வேயோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது: சுவரை ரயில்வே கட்டித் தரும், பதிலுக்கு ஏரிக்குள்ளேயே தண்டவாளம் போட்டுக்கொள்ளலாம். நீரில் நட்ட மரத்தூண்கள் மேல் ரயில் ஓடியது. தண்டவாளத்துக்கும் கரைக்கும் நடுவே ஒரு குளம்போல நீர் தேங்கி நின்றது. மேற்கே தெரு, கிழக்கே ரயில் என்று அந்த நிலத்தின் இரண்டு எல்லைகளும் இப்படித்தான் இறுகின.

1869-ல் மாநிலச் சட்டமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஏரியின் அடித்தரையில் பெரும் பகுதியை ரயில்வேக்கே எழுதிக் கொடுத்தது. ராண்டால்ஃப் தெருவுக்கும் மன்ரோ தெருவுக்கும் இடைப்பட்ட பூங்கா நிலத்தை ரயில் நிலையத்துக்காக 8 லட்சம் டாலருக்கு விற்கவும் வழி செய்தது. நகரில் எதிர்ப்பு கிளம்பியது, விற்பனை இழுபறியானது, 1873-ல் சட்டமே ரத்தானது. விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் கிடந்த அந்த வடகோடித் துண்டில்தான் 1871-ன் வசந்த காலத்தில் பலகைகள் வந்து இறங்கின. ‘யூனியன் பேஸ்பால் கிரவுண்ட்ஸ்’ எழுந்தது. மர வேலி, மர இருக்கைகள், ஏழாயிரம் பேருக்கு இடம்.

ஐந்து மாத ஆயுள்

மே மாதம் ஆட்டம் தொடங்கியது. ஒயிட் ஸ்டாக்கிங்ஸ் நன்றாகவே ஆடியது. அக்டோபர் பிறந்தபோது, கோப்பைக்குப் போட்டியிடும் மூன்று அணிகளில் அதுவும் ஒன்று.

அக்டோபர் 8, ஞாயிறு இரவு, நகரின் தென்மேற்கில் டிகோவன் தெருவில் ஒரு மாட்டுக்கொட்டிலில் தீப்பிடித்தது. மாதக்கணக்கில் மழை இல்லை. வீடு, கடை, நடைபாதை எல்லாம் மரம். தென்மேற்குக் காற்று தீயை வடகிழக்கே, நகரின் நெஞ்சுக்கும் ஏரிக்கும் தள்ளிக்கொண்டு போனது. இரண்டு நாளில் சுமார் 300 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள். 17,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின. கையில் கிடைத்ததை வாரிக்கொண்டு மக்கள் ஓடி வந்து நின்ற இடங்களில் ஒன்று லேக் பார்க்கின் திறந்த வெளி. அதன் வடகோடியில் இருந்த பந்தாட்டத் திடலின் வேலி, இருக்கை, அணியின் உடுப்பு, உபகரணம் எதுவும் மிஞ்சவில்லை.

அணி கலைந்துவிடவில்லை. மீதி ஆட்டங்களை வெளியூரிலேயே ஆடினார்கள். கோப்பையைத் தீர்மானித்த கடைசி ஆட்டம் அக்டோபர் 30-ல் புரூக்ளினில் நடந்தது. ஆளுக்கு ஒரு நிறத்தில் இரவல் உடுப்பு அணிந்து பிலடெல்பியாவை எதிர்த்து நின்றது சிகாகோ. 4–1 என்ற கணக்கில் தோற்றது. அடுத்த இரண்டு ஆண்டுகள் சிகாகோவுக்கு லீகில் அணியே இல்லை.

எரிந்த நகரின் செங்கல்லும் சாம்பலும் எங்கே போயின? வண்டி வண்டியாக ஏரிக்கரைக்கு வந்தன. தண்டவாளத்துக்கும் கரைக்கும் நடுவே தேங்கியிருந்த நீர் தூர்ந்து நிலமானது. கட்டடமே கூடாது என்று குறித்த பூங்காவில் கடை இழந்த வணிகர்களின் தற்காலிக மரக்கொட்டகைகள் வரிசையாக முளைத்தன. ஆபத்துக்குப் பாவமில்லை என்று எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள். 1873-ல் சற்றுத் தெற்கே ஒரு பிரமாண்டமான பொருட்காட்சிக் கட்டடமும் எழுந்தது. ஒரு விதியை ஒரு முறை தளர்த்தினால் அடுத்த முறை கேட்பவருக்குத் தயக்கம் குறைந்துவிடுகிறது.

ஹல்பர்ட் வருகிறார்

1874-ல் அணி மீண்டும் கூடியது. 23-ம் தெருவில் ஆடியது. அதன் தலைமைக்கு வந்தவர் வில்லியம் ஹல்பர்ட். வியாபாரி, கணக்கில் கறார். கிழக்கு நகரங்களின் ஆதிக்கத்தையும் சூதாட்டத்தில் சிக்கிய ஆட்டக்காரர்களையும் சகிக்காதவர். பாஸ்டனின் நட்சத்திரப் பந்தெறியாளர் ஆல்பர்ட் ஸ்பால்டிங்கையும் அவரோடு மூன்று பேரையும் சிகாகோவுக்கு இழுத்தார். பிலடெல்பியாவிலிருந்து அயோவா மாநிலத்துக்காரரான ஏட்ரியன் ‘கேப்’ ஆன்சனும் வந்து சேர்ந்தார். நடுவில் ஒப்பந்தத்தை மாற்றிக்கொண்டதற்காகப் பழைய லீக் தண்டிக்கும் என்ற நிலை வந்ததும், ஹல்பர்ட் புதிய லீகே தொடங்கிவிட்டார். 1876 பிப்ரவரி 2-ல் நியூயார்க்கில் ஒரு ஹோட்டலில் பிறந்த ‘நேஷனல் லீக்’ இன்றும் நடக்கிறது. முதல் ஆண்டுக் கோப்பையும் சிகாகோவுக்கே.

1878-ல் அணி மறுபடி ஏரிக்கரைக்கு, தீயில் வெந்த பழைய இடத்துக்கே, திரும்பியது. அலுவலகம் முடிந்து வணிகரும் எழுத்தரும் நடந்தே வந்துவிடலாம் என்பது அந்த இடத்தின் பெரிய வசதி. விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம் இல்லாத காலத்தில், பிற்பகலில் தொடங்கி இருட்டுவதற்குள் முடிய வேண்டிய ஆட்டத்துக்கு அந்த வசதிதான் வரும்படி. நுழைவுக் கட்டணம் 50 சென்ட். ஞாயிற்றுக்கிழமை ஆட்டமில்லை, திடலில் பீர் இல்லை. இவை ஹல்பர்ட் லீகின் கட்டளைகள். பீர் விவகாரத்தில் வளைந்து கொடுக்காத சின்சினாட்டியை 1880-ல் லீகிலிருந்தே வெளியேற்றினார்கள்.

தெருவுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஒடுங்கிய நிலம் என்பதால் திடலின் பக்கவாட்டு வேலிகள் மிக அருகில் நின்றன. 1883-ல் திருத்திக் கட்டிய பிறகு இருந்த அளவு இது: மட்டையாளர் நிற்கும் இடத்திலிருந்து இடது வேலிக்கு 180 அடி, வலது வேலிக்கு 196 அடி, நேர் எதிரே 300 அடி. இன்று கட்டப்படும் தொழில்முறைத் திடலில் எந்த வேலியும் 325 அடிக்குக் குறையக் கூடாது என்பது விதி. அந்த ஏரிக்கரையில் இடது பக்கம் ஓங்கி அடித்தால், தேர்ந்த ஆட்டக்காரர் தேவையில்லை, கொஞ்சம் கைபலம் உள்ள எவர் அடித்தாலும் பந்து வேலியைத் தாண்டும்.

ஆகவே திடலுக்கென்று ஒரு தனி விதி வைத்தார்கள். வேலி தாண்டினால் ஹோம் ரன் கிடையாது. மட்டையாளர் இரண்டாம் பேஸ்வரை போகலாம், அவ்வளவுதான். ‘டபுள்’ என்று கணக்கெழுதுவார்கள். ஒவ்வொரு திடலும் தன் இடத்துக்கேற்ற விதியை வகுத்துக்கொள்ள அன்று அனுமதி இருந்தது.

ஆட்டமும் இன்றைய ஆட்டம்போல இல்லை. பந்தெறிபவர் 45 அடி தூரத்திலிருந்து எறிந்தார். 1881-ல் அதை 50 அடியாக்கினார்கள். தோளுக்கு மேல் கையை உயர்த்தி எறிய நேஷனல் லீக் அனுமதித்தது 1884-ல்தான். மட்டையாளர் தனக்கு உயரப் பந்து வேண்டுமா தாழ்ந்த பந்து வேண்டுமா என்று கேட்டுப் பெறலாம். களத்தில் பெரும்பாலும் ஒரே அம்பயர். வெறுங்கையால் பந்து பிடித்தவர்களே அதிகம். கையுறை போட்டவர்களும் விரல்நுனி வெட்டிய மெல்லிய தோலுறையைத்தான் போட்டார்கள்.

இந்தத் திடலில் ஆன்சனின் தலைமையில் சிகாகோ 1880, 1881, 1882 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து கோப்பை வென்றது. 1880-ல் 67 வெற்றி, 17 தோல்வி. நடுவில் தொடர்ச்சியாக 21 வெற்றி. அந்த வெற்றி விகிதத்தை நேஷனல் லீகில் இதுவரை எவரும் மிஞ்சவில்லை. பேஸ் திருடுவதிலும் அம்பயர் பார்க்காத நேரம் குறுக்கே ஓடுவதிலும் மன்னன் என்று பேரெடுத்த மைக் ‘கிங்’ கெல்லி ரசிகர்களின் செல்லப்பிள்ளை. சின்ன உடம்புக்காரரான லாரி கோர்கரன் பந்தெறிந்தால் எதிரணி திணறும். எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் முழு ஆட்டத்தை முடிப்பதை மூன்று முறை செய்துகாட்டிய முதல் ஆள் அவர்: 1880, 1882, 1884. மூன்றும் இதே குறுகிய திடலில்.

பகோடாவும் தொலைபேசியும்

1882 ஏப்ரலில் ஹல்பர்ட் காலமானார். ஸ்பால்டிங் தலைவரானார். ஆட்டக்காரராக வந்தவர் அதற்குள் விளையாட்டுப் பொருள் வியாபாரத்தில் காலூன்றியிருந்தார். அவர் பெயர் பொறித்த பந்துகள் இன்றும் கடைகளில் கிடைக்கின்றன. திடலும் ஒரு கடைதான், வருபவரை வசதியாக உட்காரவைத்தால் மறுபடி வருவார் என்று அவருக்குத் தெரியும்.

1883-ல் சுமார் 10,000 டாலர் செலவழித்துத் திடலைப் புதுப்பித்தார். பத்தாயிரம் பேர் கொள்ளும் இடமாயிற்று: கூரை போட்ட கேலரியில் 2,000, திறந்தவெளி இருக்கைகளில் 6,000, நின்று பார்க்க 2,000. அன்று நாட்டில் அதைவிடப் பெரிய பேஸ்பால் திடல் இல்லை. முகப்பு வாசலுக்கு மேல் சீன பாணியில் ஒரு பகோடா. அதில் பேண்டு வாத்தியக்காரர்கள். கேலரிக்கு மேலே திரைச்சீலையும் சாய்வு நாற்காலியும் போட்ட 18 தனி அறைகள், பணக்காரக் குடும்பங்களுக்கு. ஸ்பால்டிங்கின் சொந்த அறையில் ஒரு தொலைபேசி. ஆட்டத்தைப் பார்த்தபடியே அவர் கடை வேலையையும் கவனித்தார். பணியாளர்களைக் கூப்பிட ஒரு சீன வெண்கலச் சேகண்டி வைத்திருந்தார்.

ஓர் ஆட்டத்துக்கு எத்தனை வேலையாட்கள் என்று அக்காலப் பத்திரிகைக் கணக்கு ஒன்று உண்டு. இருக்கை காட்டுபவர் 7, காவலர் 6, டிக்கெட் விற்பவர் 4, வாசல் காப்பவர் 4, திடல் பணியாளர் 3, குஷன் வாடகைக்கு விடுபவர் 3, தின்பண்டம் விற்கும் பையன்கள் 6, வாத்தியக்காரர் 8. மொத்தம் 41 பேர். மரப்பலகையில் இரண்டு மணி நேரம் உட்கார்பவருக்குக் குஷன் வாடகைக்கு விடலாம் என்ற யோசனையில் ஸ்பால்டிங்கின் முழு வியாபார மூளையும் தெரிகிறது.

அந்த ஆண்டு மே மாதம் அயோவாவிலிருந்து வந்த ஓர் இளைஞன் முதல் ஆட்டத்தில் நான்கு முறை மட்டை பிடித்து நான்கு முறையும் வெறுங்கையோடு திரும்பினான். பெயர் பில்லி சண்டே. ஓட்டத்தில் மின்னல், மட்டையில் சுமார். 1891-ல் பந்தாட்டத்தை விட்டு ஊழியத்துக்குப் போய், அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற சுவிசேஷப் பிரசங்கியார் ஆனது இதே சண்டேதான்.

செப்டம்பர் 6-ல் டெட்ராய்ட் அணி வந்திருந்தது. ஏழாவது இன்னிங்ஸில் சிகாகோ ஒரே மூச்சில் 18 ஓட்டங்கள் எடுத்தது. அந்த ஒரு இன்னிங்ஸுக்குள் டாம் பர்ன்ஸ், ஃப்ரெட் ஃபெஃபர், நெட் வில்லியம்சன் மூவரும் தலா மூன்று ஹிட் அடித்தார்கள். ஒரே இன்னிங்ஸில் 18 என்ற எண்ணை மேஜர் லீக் ஆட்டங்களில் இன்றுவரை எவரும் தாண்டவில்லை. அந்த ஆண்டு முழுக்க ‘டபுள்’ மழை. வில்லியம்சன் மட்டும் 49. வேலி தாண்டினால் இரண்டு பேஸ் என்ற விதிக்கு அதில் பெரும் பங்கு.

ஒரு வரி மாறியது

1884-ல் வேலியை ஓர் அங்குலம்கூட நகர்த்தவில்லை. விதியை மட்டும் மாற்றினார்கள். வேலி தாண்டினால் இனி ஹோம் ரன். கிரிக்கெட்டில் எல்லைக்கயிற்றை அப்படியே வைத்துக்கொண்டு நான்குகளை எல்லாம் ஆறு என்று அறிவித்தால் என்ன ஆகும், அதுதான் ஆனது.

முந்தைய ஆண்டு அணி மொத்தமும் சேர்ந்து அடித்தது 13 ஹோம் ரன். 1884-ல் 142. அதில் 131 சொந்தத் திடலில். வெளியூர் ஆட்டங்கள் எல்லாவற்றிலும் சேர்த்து 11. ஃபெஃபர் அடித்த 25-ம் ஏரிக்கரையில் அடித்தவை. டால்ரிம்பிளுக்கு 22, ஆன்சனுக்கு 21. எல்லோருக்கும் மேலே வில்லியம்சன்: 27. அவற்றில் 25 சொந்தத் திடலில். மே 30-ல் டெட்ராய்ட்டுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன் அடித்தார். மேஜர் லீகில் அதை முதலில் செய்தவர் அவர்தான். ஆகஸ்டில் ஆன்சனும் ஒரே ஆட்டத்தில் மூன்று அடித்தார்.

சிகாகோவுக்கு இதனால் கோப்பை கிடைத்ததா என்றால், இல்லை. பக்கத்து வேலி வந்த விருந்தாளிக்கும் பக்கத்து வேலிதானே. எதிரணிகளும் அங்கே வந்து தாராளமாக அடித்துவிட்டுப் போயின. சிகாகோ 62 வெற்றி, 50 தோல்வியோடு நடுவரிசையில் நின்றது. கோப்பை பிராவிடன்ஸுக்குப் போனது. வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டு ஜூன் 27-ல், அதே பிராவிடன்ஸை அதே திடலில் ஒரு ஹிட்கூட இல்லாமல் கட்டிப்போட்டவர் கோர்கரன். வேலி 180 அடியில் நின்றாலும் மட்டையில் பந்து பட்டால்தானே தாண்டும்!

யாருக்குத் திறந்த நிலம்?

என்றென்றும் திறந்திருக்க வேண்டிய நிலம் என்று இதுவரை பல முறை சொல்லிவிட்டோம். அந்தத் திடலில் ஆடிய அணியின் தலைவர் ஆன்சன் வேறொரு வேலியைக் கட்டுவதில் முன்னின்றார் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1883 ஆகஸ்ட் 10-ல் ஒயிட் ஸ்டாக்கிங்ஸ் காட்சி ஆட்டத்துக்காக ஓஹாயோவின் டொலீடோ நகருக்குப் போனது. டொலீடோ அணியில் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பின ஆட்டக்காரர் இருந்தார். அவர் இறங்கினால் தன் அணி ஆடாது என்று ஆன்சன் அடம்பிடித்தார். டொலீடோ மேலாளர் அசையவில்லை. வாக்கரை வேண்டுமென்றே களத்தில் இறக்கினார். ஆடாவிட்டால் வசூலில் பங்கு போய்விடும் என்றதும் ஆன்சன் ஆடினார்.

அன்று ஆன்சன் தோற்றார். ஆனால் சில ஆண்டுகளில் அவர் நினைத்ததே நடைமுறையானது. எழுதப்படாத உடன்பாட்டால் கறுப்பின ஆட்டக்காரர்கள் பெரிய லீக்குகளிலிருந்து ஒதுக்கப்பட்டார்கள். அந்தக் கதவு மறுபடி திறக்க 1947-ல் ஜாக்கி ராபின்சன் வரவேண்டியிருந்தது. ஆன்சன் ஒருவரே இதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது, நூற்றுக்கணக்கானோர் உடன்பட்டார்கள். ஆனால் நாட்டின் மிகப் புகழ்பெற்ற அணித்தலைவர் சொன்ன சொல்லுக்கு எடை அதிகம்.

வாஷிங்டனிலிருந்து ஒரு வழக்கு

ஹோம் ரன்கள் பறந்துகொண்டிருந்த அதே 1884-ல் திடலின் முடிவும் வந்தது. 1839 குறிப்பு எழுதியது கூட்டாட்சி அரசு. பொது நிலமாக நகரத்திடம் விட்டதில், கட்டணம் வசூலித்துத் தொழில் நடத்த ஒரு தனியார் நிறுவனத்துக்கு இடம் கொடுக்க நகரசபைக்கு அதிகாரம் இல்லை என்று அந்த அரசே நீதிமன்றம் போனது. பகோடாவும் தனி அறைகளும் கண்ணை உறுத்தின. மரக்கொட்டகையைத் தற்காலிகம் என்று சொல்லித் தப்பலாம். 10,000 பேர் உட்காரும் மாளிகையை எப்படிச் சொல்வது? ஸ்பால்டிங் எவ்வளவு அழகாகக் கட்டினாரோ அவ்வளவுக்கு வழக்கு எதிர்த்தரப்புக்குச் சாதகமானது.

ஆட்டக்காலம் முடிந்ததும் அணி இடத்தைக் காலி செய்தது. 1885-ல் புதிய திடல் தயாராகும்வரை முதல் சில வாரங்கள் வெளியூரிலேயே ஆடியது. ஜூன் மாதம் நகரின் மேற்குப் பக்கத்தில் காங்கிரஸ் தெருத் திடல் திறந்தது. அந்த ஆண்டும் மறு ஆண்டும் கோப்பை மீண்டும் சிகாகோவுக்கு. சின்ன வேலி இல்லாமலும் அது நல்ல அணிதான்.

வில்லியம்சனுக்கு 1885-ல் ஹோம் ரன் எத்தனை? மூன்று. 27-லிருந்து மூன்று. மனிதர் அவரேதான், மட்டையும் தோளும் அவரே, நிலம் மட்டும் வேறு. ஆனாலும் அவரைச் சின்ன வேலியின் புண்ணியத்தில் பேர் வாங்கியவர் என்று தள்ளிவிட முடியாது. தான் கண்ட ஆட்டக்காரர்களிலேயே சிறந்தவர்களில் ஒருவர் என்று ஆன்சன் மதித்த களக்காரர் அவர்.

1888-ன் இறுதியில் ஸ்பால்டிங் இரண்டு அணிகளைக் கப்பலேற்றி உலகம் சுற்றக் கிளம்பினார்; வில்லியம்சனும் போனார். நியூசிலாந்து, ஆஸ்திரேலியா வழியாக 1889 ஜனவரி இறுதியில் கப்பல் கொழும்புக்கு வந்தது. அங்கும் இரு அணிகளும் ஓர் ஆட்டம் ஆடிக் காட்டின. எகிப்தில் பிரமிடுகளின் நிழலில் ஓர் ஆட்டம். மார்ச்சில் பாரிஸில், பொடிக்கற்கள் நிறைந்த தரையில் பேஸை நோக்கிச் சறுக்கிய வில்லியம்சனின் முழங்கால் கிழிந்தது. அதன் பிறகு அவர் பழைய ஆளாகவில்லை. 1894-ல் 36 வயதில் மறைந்தார்.

அவருடைய 27 மட்டும் ஏடுகளில் கிடந்தது. 1919-ல் பாஸ்டன் அணியின் பேப் ரூத் ஹோம் ரன்களாக அடித்துத் தள்ளியபோது, முந்தைய சாதனை 25 என்றே பலரும் நினைத்தார்கள். அதை அவர் நெருங்கிய பிறகுதான் பழைய கணக்குகளைக் கிளறியவர்கள் சிகாகோவின் 27-ஐ வெளியே எடுத்தார்கள். ரூத் 29 அடித்து அதையும் கடந்தார். அணி முழுவதும் சேர்ந்து அடித்த 142 என்ற எண்ணை மிஞ்ச 1927-ன் நியூயார்க் யாங்கீஸ் தேவைப்பட்டது. ரூத்தும் லூ கெரிக்கும் ஆடிய அணி அது.

வரி நின்றது

திடல் போனதும் ஏரிக்கரை சுத்தமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பொருட்காட்சிக் கட்டடம், படைக்கொட்டில், குப்பை, கொட்டகை எல்லாம் தொடர்ந்தன. 1890-ல் மிச்சிகன் அவென்யூவில் அலுவலகம் வைத்திருந்த ஏரன் மாண்ட்கோமரி வார்டு, தபால் வழி வியாபாரத்தில் செல்வந்தரானவர், நகரசபை மேல் வழக்குப் போட்டார். அவர் கையில் இருந்த ஆயுதம் 1836, 1839 வரைபடக் குறிப்புகள். தெருவோர மனைக்காரன் என்ற முறையில் தனக்கு அந்த வாக்கு செல்லும் என்பது வாதம். இருபது ஆண்டு, அடுத்தடுத்து வழக்கு. மாநில உச்ச நீதிமன்றம் மீண்டும் மீண்டும் அவர் பக்கம் நின்றது. பணக்கார நண்பர்களும் பத்திரிகைகளும் அவரை வீண் வம்புக்காரர் என்றார்கள். மார்ஷல் ஃபீல்டு விட்டுச்சென்ற பெருந்தொகையில் எழவிருந்த அருங்காட்சியகத்தைக்கூட அவர் பூங்காவுக்குள் அனுமதிக்கவில்லை. அது தெற்கே தள்ளிப் போனது. லேக் பார்க் 1901-ல் கிராண்ட் பார்க் என்று பெயர் மாறியது. இன்று சிகாகோவுக்குப் போகிறவர் ஏரியைத் தெருவிலிருந்தே பார்க்க முடிவது அந்த வம்பின் பலன்.

பழைய திடல் இருந்த இடம் இப்போது 2004-ல் திறந்த மில்லேனியம் பார்க்கின் வடமேற்கு மூலை. ரயில் இன்றும் அதனடியில் ஓடுகிறது. அங்கே இசை அரங்கு கட்டியபோதும் அந்தப் பழைய வரி குறுக்கே வந்தது. அரங்கத்தின் பெரும்பகுதியைத் தரைக்கு அடியில் இறக்கினார்கள். ஃபிராங்க் கெரி வடிவமைத்த திறந்தவெளி மேடையின் உலோக மகுடம் உயரக் கட்டுப்பாட்டை மீறுகிறதே என்றபோது, அது கட்டடமல்ல, கலைப்படைப்பு என்று வகைப்படுத்திச் சமாளித்தார்கள். ஸ்பால்டிங்குக்கு 1884-ல் இந்த யோசனை தோன்றியிருந்தால் பகோடாவையாவது காப்பாற்றியிருப்பார்.

பந்தாட்ட வரலாற்றை ஆட்டக்காரர்களின் வீரக்கதையாக எழுதுவது வழக்கம். இந்தத் திடலின் கதை நில ஆவணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டிய கதை. மனை விற்கச் சொன்ன வாக்கு நிலத்தை ஒதுக்கியது. கரையைக் காக்கப் போட்ட தண்டவாளம் அதை ஒடுக்கியது. அந்த ஒடுக்கம் 35 ஆண்டு நிலைத்த ஒரு சாதனையை உண்டாக்கியது. பழைய வாக்கே கடைசியில் திடலை வெளியேற்றிப் பூங்காவைக் காத்தது. வில்லியம்சனின் 27-ல் பாதிப் பங்கு அந்த நிலத்துக்கு உண்டு.

அடுத்த இதழில் மிசிசிப்பி ஆற்றங்கரைக்குப் போவோம். ஹல்பர்ட் தடை செய்த பீரையும் ஞாயிற்றுக்கிழமையையும் வைத்தே ஒரு திடலை நிரப்பிக் காட்டினார் செயின்ட் லூயிஸ் நகரின் ஜெர்மானியச் சாராயக்கடை முதலாளி கிறிஸ் ஃபான் டெர் ஆஹே. 50 சென்ட்டுக்கு எதிராக 25 சென்ட்!

(தொடரும்)